காலையில் அறுவை சிகிச்சை, மாலையில் வீடு

சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நலங்கு வீட்டில் என் சித்தி என்னைத் தனியே அழைத்து ஒரு சந்தேகம் கேட்டார். சித்தப்பாவுக்குக் குடலிறக்கம் இருக்கிறது. புதுச்சேரியில் பார்த்த மருத்துவர், காலையில் அறுவை சிகிச்சை செய்து மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். "வயித்தை அறுத்துத் தைச்சவங்களை அன்னைக்கே அனுப்புறாங்களே, படுக்கை காலியாகணும்னு அனுப்புறாங்களா, இல்ல நெசமாவே அது போதுமா?" என்றார் சித்தி. பகல்நேர அறுவை சிகிச்சைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஆனாலும், நலங்கு வீட்டில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை. சித்திக்காகவும், இந்தப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் செவிலியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பகல்நேர அறுவை சிகிச்சையில், நோயாளி முன்பே குறித்த நாளில் வீட்டிலிருந்து வந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இரவு தங்காமல் அன்றே வீடு திரும்புகிறார். புறநோயாளிப் பிரிவில் கட்டியைக் கீறி மருந்து வைத்து அனுப்புவதை இதனுடன் சேர்த்து எண்ணக் கூடாது. இங்கே ஆபரேஷன் தியேட்டர் உண்டு, மயக்க மருத்துவர் உண்டு, மயக்கம் தெளியும்வரை கவனிக்கும் ரெக்கவரி அறை உண்டு. இரவுப் படுக்கை மட்டும் இல்லை. கண்புரை, குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் வரும் குடலிறக்கம், விரைவீக்கம், மார்பகக் கட்டி, காலில் புடைத்த வெரிகோஸ் நாளங்கள், எலும்பு முறிவுக்கு வைத்த கம்பியை எடுத்தல், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைத்தல், தேர்ந்தெடுத்த சிலருக்கு லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள்) வழியாகப் பித்தப்பை எடுத்தல் எனப் பலவும் இந்த முறையில் நடக்கின்றன.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இதை அறிமுகப்படுத்தியது கண்புரை அறுவை சிகிச்சைதான் என்பேன். தவளக்குப்பத்தில் கண் மருத்துவமனை நிறுத்தத்தில், பச்சைத் துணியோ கறுப்புக் கண்ணாடியோ அணிந்து, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்துக்கு நிற்கும் பெரியவர்களைக் கடலூர் சாலையில் போய்வரும் எவரும் பார்த்திருப்பார்கள். முன்பெல்லாம் கண்புரை எடுத்தவர்களின் தலைக்கு இருபுறமும் மணல் பைகளை வைத்து, அசையக் கூடாது என்று நாள்கணக்கில் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணில் போடும் கீறல் தையலே தேவைப்படாத அளவுக்குச் சிறுத்துப்போனதால் அந்தப் படுக்கைக்கு இப்போது தேவையில்லை.

இது அண்மைக்கால வியாபார உத்தி என்று நினைப்பவர்களுக்கு நான் கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் நிகோல் என்ற அறுவை மருத்துவரைப் பற்றிச் சொல்வதுண்டு. ஏழைக் குழந்தைகளுக்கான ஒரு மருந்தகத்தில் பத்து ஆண்டுகளில் 8,988 அறுவை சிகிச்சைகளைச் செய்து, அந்தக் குழந்தைகளை அன்றே தாயிடம் கொடுத்து அனுப்பியதை அவர் 1909-இல் மருத்துவர் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். குடலிறக்கம், உதட்டுப் பிளவு, வளைந்த பாதம் எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. மருத்துவமனைப் படுக்கையில் கட்டிப்போட்டது போல் கிடப்பதைவிடத் தாயின் மடியில் குழந்தை அமைதியாக இருக்கும், காயமும் நன்றாக ஆறும் என்பது அவர் கண்டது. அவர் குழந்தைகளை அனுப்பிவிட்டுக் கை கழுவவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். செவிலியர்கள் அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். பால்குடிக் குழந்தைகளுடன் தாய்மார் தங்குவதற்கென மருத்துவமனைக்கு அருகே ஒரு சிறு வீட்டையே அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். பின்னர் எடின்பரோவில் ஃபார்குவர்சன் என்பவர் உடலின் அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து 485 பெரியவர்களுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்து அன்றே அனுப்பியதை 1955-இல் வெளியிட்டார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 1970-இல் இதற்கெனவே தனி மையம் ஒன்று எழுந்தது. சில நிமிடங்களில் தெளிந்துவிடும் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து 1980-களில் புழக்கத்துக்கு வந்தபின் உலகம் முழுவதும் இது பரவியது.

நிகோல் காலத்திலிருந்து மாறாத ஒன்று உண்டு. இரவு முழுவதும் வார்டில் ஒரு செவிலியர் செய்யும் வேலையை, மருத்துவப் படிப்பே இல்லாத ஒருவர் வீட்டில் செய்யப்போகிறார். அவர் மனைவியாகவோ, மகனாகவோ, எதிர்வீட்டுக்காரராகவோ இருக்கலாம். அந்த ஒருவரைச் சில மணி நேரத்துக்குள் ஆயத்தப்படுத்தி அனுப்புவதுதான் எங்கள் வேலையின் மையம். அதற்கு நோயாளியின் உடலை அறிந்தால் போதாது. அவர் போய்ச் சேரும் வீட்டையும் அறிய வேண்டும்.

ஆகவே எங்கள் பணி அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முன்பரிசோதனைக்கு வருபவரிடம் இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, பழைய அறுவை சிகிச்சை, மருந்து ஒவ்வாமை எல்லாவற்றையும் கேட்கிறோம். உறக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று எழுகிறாரா என்று பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கிறோம். அப்படியிருந்தால் மயக்க மருந்துக்குப் பின் அவரை அன்றே அனுப்பலாமா என்பதை மயக்க மருத்துவர் தனியாக எடைபோட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை பெரும்பாலானவற்றை அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீருடன் போடச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரைகளை அன்று நிறுத்தச் சொல்வார்கள். அவற்றில் கிளிஃப்ளோசின் என்று முடியும் வகையை மூன்று நாள்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எனவே மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்து வரச் சொல்கிறோம். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் முடிவெடுக்க முடியாது.

அதற்குப் பிறகு வீட்டைப் பற்றிய கேள்விகள். வீடு எந்த ஊர், இரவில் ஆட்டோ கிடைக்குமா? மாடியில் குடியிருப்பா, கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா, தோட்டத்துப் பக்கமா? முதல் இரவு யார் கூடப் படுப்பார்கள், அவர்களுக்குத் தொலைபேசியில் பேசத் தெரியுமா? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இன்னொன்றும் கேட்கிறோம்: மழை பிடித்தால் உங்கள் ஊருக்கு வண்டி வருமா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டி, தென்பெண்ணை பெருக்கெடுத்துப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தபோது, அந்தப் பகுதியிலிருந்து வரவேண்டியவர்களின் நாள்களை எல்லாம் தள்ளி வைத்தோம். அறுவை சிகிச்சை சரியாகவே முடிந்திருக்கலாம். இரவில் இரத்தம் கசிந்தால் அவர்கள் எப்படித் திரும்பி வருவார்கள்?

வயிறு காலியாக இருப்பது பற்றி நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் தவறு நடப்பது காபியில்தான். "ஒண்ணுமே சாப்பிடல சிஸ்டர், காபி மட்டும்தான் குடிச்சேன்" என்று சொல்பவர் வாரத்துக்கு ஒருவராவது வந்துவிடுகிறார். நம் வீடுகளில் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. மயக்க மருத்துவத்திலோ பால் சேர்ந்த காபி உணவுக்குச் சமம். உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே இந்த விதி. மறுபக்கம், இரவு எட்டு மணியிலிருந்து தண்ணீர்கூடத் தொடாமல் நா வறண்டு வருபவர்களும் உண்டு. அதுவும் வேண்டாத வதை. அதனால் நான் இப்போது "வெறும் வயிற்றோடு வாருங்கள்" என்று சொல்வதே இல்லை. "இரவு பத்து மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள், காலையில் காபி, டீ, பால், கஞ்சி எதுவும் கூடாது, ஆறு மணி வரை தண்ணீர் குடிக்கலாம்" என்று கடிகார நேரத்தோடு சொல்லி, அதை அவரையே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை நாளன்று காலை ஆறரை மணிக்கு எங்கள் பிரிவு நிரம்பிவிடும். பெயர், செய்யவேண்டிய அறுவை சிகிச்சை, எந்தப் பக்கம் என்பதை நோயாளியின் வாயாலேயே சொல்லவைத்து, அந்தப் பக்கத்தில் மருத்துவர் பேனாவால் அடையாளம் இட்டிருக்கிறாரா என்று பார்க்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த சரிபார்ப்புப் பட்டியல் மயக்கத்துக்கு முன், கீறலுக்கு முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என மூன்று நிலைகளில் எல்லோரையும் நிறுத்திக் கேட்க வைக்கிறது. பிறகு நகைகள். மெட்டியும் வளையலும் எளிதில் கழன்றுவிடும், தாலிதான் கடினம். தியேட்டரில் மின்சாரத்தால் இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் கருவி இயங்கும்போது உடலில் உலோகம் இருந்தால் தீக்காயம் ஏற்படக்கூடும். கழற்ற வேண்டும் என்று சொன்ன உடனே முகம் வாடிவிடும் பெண்களிடம் விதிமுறையைப் படித்துக்காட்டுவதில் பயனில்லை. எங்கள் மேசை இழுப்பறையில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். மஞ்சளைக் கயிற்றில் கோத்துக் கணவரையோ மாமியாரையோ உள்ளே அழைத்து, முதலில் அதைக் கட்டச் சொல்லிவிட்டுப் பிறகு தாலிச் சரடைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். இதற்கு ஆகும் நேரம் மூன்று நிமிடம். இதைச் செய்த பெண்ணின் நாடித்துடிப்பு, செய்வதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்திருப்பதை நான் பலமுறை மானிட்டரில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளைப் பட்டியலில் முதலில் எடுத்துக்கொள்கிறோம், பசியில் அழவைக்கக் கூடாது என்பதற்காக. மயக்கம் தெளியும்போது சில குழந்தைகள் யாரையும் அடையாளம் தெரியாததுபோல் கத்திக் கையைக் காலை உதைக்கும். அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் தாய் தாங்கிக்கொள்வார். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அவரும் சேர்ந்து அழுவார்.

வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய எங்களிடம் ஒரு மதிப்பெண் முறை உண்டு. டொரண்டோவின் மயக்க மருத்துவர் பிரான்சஸ் சங்கும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது அது. நாடியும் இரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, இரத்தக் கசிவு ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டு மதிப்பெண். பத்துக்கு ஒன்பது வந்தால் போகலாம். நல்ல முறைதான்; நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தத் தாளில் ஒன்பது போட்டுவிட்டு நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்ல வேண்டும்.

இந்தப் பணியில் எனக்கு இரண்டாம் ஆண்டு. அப்போது நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தேன். பாகூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவர் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு வந்திருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து அறுவை சிகிச்சை முடிந்தது. மாலை நான்கு மணிக்குக் கால்கள் நன்றாக அசைந்தன, நடந்தார், வலி இல்லை. "சிறுநீர் போனீங்களாய்யா?" என்று கேட்டேன். "போனேம்மா" என்றார். கேஸ் ஷீட்டில் டிக் போட்டேன். கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரம் அவருக்கு, அடுத்த இருவரை அனுப்பும் அவசரம் எனக்கு. இரவு ஒரு மணிக்கு அவர் மகன் ஆட்டோவில் அவரைக் கொண்டுவந்தார். அடிவயிறு தொப்புள் வரை கல்லாக இறுகியிருந்தது. வியர்வையில் வேட்டி நனைந்திருந்தது. குழாய் போட்டதும் ஏறக்குறைய 900 மில்லி சிறுநீர் வடிந்தது. மறுநாள் நான் கேட்டபோது, கழிப்பறைக்குப் போனது உண்மை என்றும், நாலு சொட்டுதான் வந்தது என்றும், ஒரு பெண்பிள்ளையிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்றும் சொன்னார்.

முதுகில் போடும் ஊசியின் விளைவு கால்களைவிடச் சிறுநீர்ப்பையிலிருந்து மெதுவாகவே விலகும். வயதான ஆண்களுக்கு, அதுவும் குடலிறக்க அறுவை சிகிச்சைக்குப் பின், இந்த அடைப்பு வரும் வாய்ப்பு அதிகம். பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அவருக்கு வாய் வரவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஆண்களிடம் அளவு குறித்த பாத்திரத்தைக் கொடுத்து, அளந்துதான் எழுதுகிறேன். அடிவயிற்றில் கை வைத்துப் பார்க்காமல் எவரையும் அனுப்புவதில்லை. என்னிடம் சொல்லச் சங்கடப்படுபவராகத் தெரிந்தால் ஆண் செவிலியரை அனுப்புகிறேன்.

அட்டெண்டராக, அதாவது நோயாளிக்குத் துணையாக, வருபவரைப் பற்றியும் எழுத வேண்டும். மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, மது அருந்தக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது, அடுப்படியில் தனியே நிற்கக் கூடாது. அதைக் காவல்காக்க வேண்டியவர் நிதானத்தில் இருக்க வேண்டும் அல்லவா? புதுச்சேரியில் மதுக்கடைக்குத் தூரம் அதிகமில்லை. அண்ணனை அழைத்துப்போக வந்த தம்பி, காத்திருந்த நேரத்தில் குடித்துவிட்டு இருசக்கர வண்டிச் சாவியோடு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண். ஆனாலும் நான் அனுப்பவில்லை. முருங்கப்பாக்கத்திலிருந்து அவர்களுடைய அக்கா வந்து சேரும் வரை இரண்டு மணி நேரம் பிரிவைத் திறந்தே வைத்திருந்தோம்.

அட்டெண்டருக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை. "நான் சொன்னதை இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். கட்டு நனைந்து சிவந்தால் என்ன செய்வீர்கள், எந்த எண்ணுக்கு அழைப்பீர்கள், வலி மாத்திரை எத்தனை மணிக்கு? வலி வந்தபின் போடுவதல்ல, முதல் இரண்டு நாள் நேரத்துக்குப் போட வேண்டும் என்பதைப் பெரும்பாலோர் இந்தத் திருப்பிச் சொல்லலில்தான் தவறவிடுகிறார்கள். உணவைப் பற்றி அவர்களே கேட்பார்கள். கத்தரிக்காய் ஆகாது, முட்டை சீழ் வைக்கும், மீன் கூடவே கூடாது என்று பத்தியம் வைத்து, புண் ஆறத் தேவையான புரதத்தையே நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்துகொடுக்கும் கடற்கரை ஊர் இது. அறுவை சிகிச்சை முடிந்தவருக்கும் அதையே கொடுங்கள் என்று நான் சொன்னால் பாட்டிமார் யோசித்துப் பார்த்துத் தலையசைக்கிறார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மருத்துவக் காப்பீட்டில் பொதுவாக 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நவீன வசதியால் அதற்கும் குறைந்த நேரத்தில் முடியும் அறுவை சிகிச்சைகளுக்கு "டே கேர்" என்ற பெயரில் விலக்கும் உண்டு. உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியை முன்கூட்டியே பாருங்கள். காப்பீட்டுக்காக ஓர் இரவு தேவையில்லாமல் தங்க வேண்டியதில்லை.

ஓர் இரவு தங்க வேண்டும் என்று என்னிடம் கெஞ்சியவர் ஒருவர் உண்டு. அதற்குக் காரணம் காப்பீடு அல்ல. கிருமாம்பாக்கத்தைச் சேர்ந்த முப்பத்தைந்து வயதுப் பெண். மார்பில் இருந்த சாதாரணக் கட்டியை எடுத்திருந்தோம். மதிப்பெண் பத்து. ஆடை மாற்றிக்கொண்டவர் என் கையைப் பிடித்து, "இன்னைக்கு ஒரு ராத்திரி மட்டும் இங்கேயே இருந்துக்கட்டுமா சிஸ்டர்? வீட்டுக்குப் போனா நேரா அடுப்படிக்குத்தான் போகணும்" என்றார். பகல்நேர அறுவை சிகிச்சையை நான் மனமார ஆதரிக்கிறேன்: தொற்று குறைவு, செலவு குறைவு, குழந்தையும் முதியவரும் தம் சொந்தப் பாயில் உறங்குகிறார்கள். ஆனால் வீடு என்றால் ஓய்வு என்று நாம் எடுத்துக்கொள்வது ஆண்களுக்குப் பொருந்தும் அளவுக்குப் பெண்களுக்குப் பொருந்துவதில்லை. பலருக்கு மருத்துவமனைப் படுக்கைதான் ஆண்டில் ஒருநாள் யாரும் வேலை சொல்லாத இடம். அதை எடுத்துவிடும்போது பதிலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று செவிலியர்தான் கேட்க வேண்டும். எங்கள் மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அன்று அவர் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினேன். மூன்று நாள் குடம் தூக்கக் கூடாது, அரைக்கக் கூடாது, கை உயர்த்தித் துணி உலர்த்தக் கூடாது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். வாயால் சொன்னால் அது என் கருத்து. தாளில் இருந்தால் மருத்துவர் உத்தரவு. அவருடைய அம்மா ரெட்டிச்சாவடியில் இருப்பது முன்பரிசோதனைத் தாளில் இருந்தது. அவரை வரவழைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை நாங்கள் ஒவ்வொரு நோயாளியையும் தொலைபேசியில் அழைப்போம். கணவர்தான் எடுத்தார். "நல்லா இருக்காங்க சிஸ்டர், ஒண்ணும் பிரச்சினை இல்ல." இந்தப் பதிலை நான் எழுதிக்கொள்வதில்லை. "அவங்ககிட்டயே குடுங்க" என்றேன். அவர் பேச வந்தபோது பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"எங்க அம்மா. நான் படுத்துதான் இருக்கேன்."

அதன் பிறகு வலி எவ்வளவு, கட்டு காய்ந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தாளில் குறித்துக்கொண்டேன்.